கத்துகிற அணில் ஏன் அழியவில்லை? எச்சரிக்கைக் குரலுக்கு ஒரு வகைக்கெழுச் சமன்பாடு

வாசகர் கேள்வி, 2022 ஜூன் 3

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் வாழும் பெல்டிங் தரை அணில்களைப் பற்றிப் படித்தேன். கொயோட்டி (ஓநாய் போன்ற ஒரு காட்டு விலங்கு) வந்தால் ஒரு அணில் எழுந்து நின்று கத்துகிறது. கொயோட்டி குறிவைப்பதும் அந்த அணிலைத்தான். கூட்டத்தில் கத்துகிறவர்களின் பங்கு ப, கத்துவதற்கான செலவு செ என்று வைத்தால், ப மாறும் வீதம் ப′ = −செ·ப(1−ப). இது பூச்சியத்தை நோக்கித்தான் போகும். ஆகவே இயற்கைத் தேர்வில் இந்தக் குணம் நிலைக்கவே முடியாது என்பது என் வாதம். மறுப்பு உண்டா?

ஜூன் 3, இரவு

கணக்கில் பிழை இல்லை. செ நேர் எண், வேறு உறுப்பு இல்லை என்றால் ப சரிந்துதான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் குரலை யார் கேட்டார்கள் என்பது உங்கள் சமன்பாட்டில் எங்குமே இல்லை. சுற்றிலும் ஒரு அணில்கூட இல்லாத புல்வெளியில் கத்தினால் நீங்கள் எழுதியது பொருந்தும்.

விலங்கியலாளர் பால் ஷெர்மன் இந்த அணில்களை அதே மலையின் டயோகா கணவாயில், ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில், 1974 முதல் 1976 வரை கவனித்தார். மூவாயிரம் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பார்த்த வேலை. 1977-இல் கட்டுரையாக வந்தது. ஆண் குட்டிகள் பிறந்த இடத்தை விட்டுப் போய்விடும். பெண் குட்டிகள் தாய் வளைக்குப் பக்கத்திலேயே தங்கிவிடும். ஆக ஒரு பெண் அணிலைச் சுற்றி மகள், தங்கை, அக்காள், தாய் என்று ஒரே உறவுக் கூட்டம். தரையில் வரும் எதிரியைக் கண்டு அதிகம் கத்தியது பெண்கள். அவர்களிலும் அருகில் உறவினர் உள்ள பெண்கள் இன்னும் அதிகம்.

இதைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவருவது எளிது. உறவின் அளவு உ. கத்தும் அணிலின் பக்கத்தில் இருப்பதும் கத்தும் வகையாக இருக்க வாய்ப்பு உ + (1−உ)ப. கத்தாத அணிலின் பக்கத்தில் கத்தும் வகை இருக்க வாய்ப்பு (1−உ)ப மட்டும். பக்கத்து அணில் கத்தினால் கிடைக்கும் நன்மை ந. இரண்டு வாய்ப்புகளையும் ந-வால் பெருக்கிக் கழித்தால் ப உள்ள பகுதி அடிபட்டுப் போய் உ·ந மட்டும் மிஞ்சும். எனவே

ப′ = ப(1−ப)(உ·ந − செ)

1964-இல் உயிரியலாளர் ஹாமில்டன் சொன்ன நிபந்தனை இதற்குள் அப்படியே இருக்கிறது. உ·ந, செ-வைத் தாண்டினால் ப ஒன்றை நோக்கி ஏறும். அதற்கு அடுத்த ஆண்டே ஜான் மேனார்ட் ஸ்மித் எச்சரிக்கைக் குரலுக்கென்றே தனியாக ஒரு கட்டுரை எழுதினார். உங்கள் கேள்வி திறமைசாலிகள் பலரை உட்கார்ந்து யோசிக்க வைத்த கேள்வி.

(மேல் கோடு என்றால் நேரத்தைப் பொறுத்த மாறுவீதம். தட்டச்சு வசதிக்காக மாறிகள் எல்லாம் தமிழ் எழுத்திலேயே இருக்கட்டும்.)

ஜூன் 4, காலை

வேகத்தையும் பார்த்துவிடுங்கள். உ·ந − செ என்பது ஒரு தலைமுறைக்கு 0.01 என்றால், ப 1 சதவீதத்திலிருந்து 99 சதவீதம் ஆக 2 × மஇ(99) ÷ 0.01, அதாவது சுமார் 920 தலைமுறை (மஇ என்பது இயற்கை மடக்கை). ஒரு சதவீத வித்தியாசத்தை வயல்வெளியில் எவராலும் அளந்துவிட முடியாது. ஆனால் பரிணாமத்துக்கு அது தாராளம்.

ஜூன் 4, மாலை

"உடன்பிறந்தவள் என்றால் உ = 1/2 தானே, அதைப் போட்டு முடித்துவிடலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முடியாது. இந்தப் பெண் அணில்கள் ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்கின்றன. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கே தந்தை வேறாக இருக்கலாம். தந்தை வேறானால் உ = 1/4. ஆகவே 1/4-க்கும் 1/2-க்கும் நடுவில் எங்கோ.

ஜூன் 5

இதுவரை எழுதியதில் எனக்குத் திருப்தி இல்லாத இடம் உ அல்ல, செ. நாம் எல்லோரும் செ-வை ஒரே எண்ணாக எடுத்துக்கொண்டுவிட்டோம். இந்த இழையில் நான் ஒன்றே ஒன்றைத்தான் வலியுறுத்த வேண்டும் என்றால் இதைத்தான் வலியுறுத்துவேன்: செ ஒரு எண் அல்ல. வந்திருப்பது யார் என்பதைப் பொறுத்து அது மாறும், குறிகூட மாறும்.

ஷெர்மன் 1985-இல் மறுபடியும் எழுதினார். தரையில் கொயோட்டி, வீசல் போன்றவை வந்தபோது கத்திய அணில்களில் 8 சதவீதம் பிடிபட்டன, கத்தாதவற்றில் 4 சதவீதம். வானிலிருந்து பருந்து இறங்கியபோது கத்தியவற்றில் 2 சதவீதம், கத்தாதவற்றில் 28 சதவீதம். அதே அணில், அதே புல்வெளி. குரல் மட்டும் வேறு: பருந்துக்கு ஒரே வீச்சான சீழ்க்கை, தரை எதிரிக்கு விட்டு விட்டு வரும் ஒலித்தொடர்.

ஒரு தாக்குதலுக்கான கணக்காகப் போட்டால் தரை எதிரிக்கு செ = +0.04. பருந்துக்கு செ = −0.26. எதிர்மறைச் செலவு என்றால் லாபம். பருந்து வரும்போது கத்துகிற அணிலுக்கு உறவுக்காரர் யாருமே வேண்டாம், உ பூச்சியமானாலும் ப ஏறும். அங்கே ஹாமில்டனைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. தரை எதிரி வரும்போதுதான் அவர் தேவைப்படுகிறார். உ = 1/2 என்றால் ந 0.08-ஐத் தாண்ட வேண்டும், 1/4 என்றால் 0.16-ஐ.

ஆக "ஏன் கத்துகிறது" என்று ஒற்றைக் கேள்வி கேட்டால் விடை கிடைக்காது. இரண்டு குரல், இரண்டு செ, இரண்டு சமன்பாடு.

ஜூன் 5, பின்னிரவு

அந்த −0.26 பற்றி ஒரு எச்சரிக்கை. பருந்தை முதலில் பார்த்த அணில்தான் கத்துகிறது. முதலில் பார்த்ததால்தான் முதலில் ஓடவும் செய்கிறது. கத்தாத கூட்டத்தில் பருந்தைப் பார்க்காமலே புல் மேய்ந்துகொண்டிருந்தவையும் அடக்கம். ஆகவே 2-க்கும் 28-க்கும் இடையிலான வித்தியாசம் முழுவதையும் குரலின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. ஒரு பகுதி பார்த்ததற்கான பலன், மீதிதான் கத்தியதற்கான பலன். உண்மையில் நமக்கு வேண்டிய ஒப்பீடு, பருந்தைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டு ஓடிய அணில். அப்படி ஒன்றை வெளியிலிருந்து அடையாளம் காண்பது பெரும்பாடு. தரை எதிரி கணக்கிலும் இதே சிக்கல் உண்டு, ஆனால் அங்கே அது நம் வாதத்துக்கு வலு சேர்க்கிறது: முதலில் பார்த்துவிட்ட அனுகூலம் இருந்தும் கத்தியவை இரு மடங்கு பிடிபட்டிருக்கின்றன.

ஜூன் 8

ஆண் அணில்கள் அநேகமாகக் கத்துவதில்லை என்றால் ப எப்படி ஒன்றாகும் என்ற கேள்வி நியாயமானது. ப என்பதைக் கத்தும் அணில்களின் பங்காக வாசித்தால் இந்தக் குழப்பம் வரும். "உறவினர் அருகில் இருந்தால் கத்து" என்ற பழக்கத்தைச் சுமப்பவர்களின் பங்காக வாசியுங்கள். அதைச் சுமக்கிற ஆண் அணில் அந்நிய ஊரில் உறவில்லாமல் இருப்பதால் வாயைத் திறப்பதில்லை. பழக்கம் எல்லோரிடமும் இருக்கலாம், வெளிப்படுவது சிலரிடம் மட்டும்.

இது சும்மா சொல் விளையாட்டு அல்ல. சமன்பாட்டின் மாறி பரம்பரையாக வரும் ஒன்றாக இருக்க வேண்டும். நாம் களத்தில் எண்ணுவதோ நடத்தை. இரண்டையும் ஒன்றாக வைத்து வரைபடம் போட்டுவிட்டு "மாதிரி பொருந்தவில்லை" என்று தூக்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 9

வெர்வெட் குரங்கு எங்கே என்று கேட்டவருக்கு: வருகிறது. கென்யாவின் அம்போசெலியில் ஸ்ட்ரூசேக்கர் 1967-இல் விவரித்து, செஃபார்த், செனி, மார்லர் மூவரும் 1980-இல் ஒலிப்பதிவை ஓட்டிக் காட்டியது. சிறுத்தைக் குரலைப் போட்டால் மரத்தில் ஏறின. கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்தன அல்லது புதருக்குள் பாய்ந்தன. பாம்புக் குரலுக்குப் பின்னங்காலில் நின்று தரையைத் துழாவின. சிறுத்தையோ கழுகோ பாம்போ அங்கே இல்லை, ஒலிபெருக்கி மட்டும்தான். மூன்று எதிரி, மூன்று தப்பிக்கும் வழி, ஆகவே மூன்று செ. ஜூன் 5 குறிப்பில் நான் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஜூன் 12

"கூட்டம் பெருகினால் கத்த ஆள் கிடைக்காமலா போகும்?"

போகலாம். ஒருவர் கத்தினாலே எல்லோரும் தப்பிவிடலாம் என்று வைப்போம். கூட்டத்தின் அளவு எ. நான் கத்தினால் எனக்கு ந − செ. கத்தாவிட்டால், மற்ற எ−1 பேரில் யாராவது கத்தினால் ந, யாரும் கத்தாவிட்டால் பூச்சியம். வித்தியாசம்:

ப′ = ப(1−ப)[ந(1−ப)^(எ−1) − செ]

இதில் நடுவிலேயே ஒரு சமநிலை உண்டு: ப = 1 − (செ/ந)^(1/(எ−1)). அது உறுதியானதும்கூட, ஏனென்றால் ப ஏறினால் அடைப்புக்குள் இருப்பது குறையும்.

செ/ந = 0.1 என்று போட்டுப் பாருங்கள். எ = 2 என்றால் ப = 0.9. எ = 5 என்றால் 0.44. எ = 10 என்றால் 0.23. கூட்டம் வளர வளர ஒவ்வொருவரும் அடுத்தவர் கத்தட்டும் என்று இருக்கிறார்கள். சரி, ஆள் அதிகம்தானே, மொத்தத்தில் ஈடாகிவிடாதா? ஆகாது. ஒருவருமே கத்தாமல் போகும் வாய்ப்பு எ = 2-இல் 1 சதவீதம், 5-இல் 5.6, 10-இல் 7.7. கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் 10-ஐ நெருங்குமே தவிரக் குறையாது. கல்யாண வீட்டில் வாசலில் வந்து நிற்பவரை ஆளுக்கு ஆள் இன்னொருவர் கவனிப்பார் என்று விட்டுவிடுவது மாதிரிதான்.

இந்த வடிவம் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதன் அனுமானத்தைக் கேள்வி கேட்காமல் விடக் கூடாது. எதிரியைப் பார்த்துவிட்ட அணிலுக்குத் தன் குரலால் தனக்கே ந கிடைக்கிறது என்று இது சொல்கிறது. பார்த்தாகிவிட்டதே, குரல் எதற்கு? ஆகவே இங்கே ந என்பது உறவினர் வழியாக வரும் நன்மையாகவோ, எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவதால் வேட்டை விலங்கு தடுமாறுவதால் வரும் நன்மையாகவோ இருந்தால்தான் கணக்கு நிற்கும்.

ஜூன் 13

இழையை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறேன்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை மரம், அதன் பின்னால் தண்ணீர்த் தொட்டி. இன்று மதியம் தொட்டிக்கு அடியில் பக்கத்து வீட்டுப் பூனை பதுங்கி உட்கார்ந்திருந்தது. மரத்தில் அணில் ஒன்று தலைகீழாக, நான்கு காலும் பட்டையைப் பற்றியிருக்க, கண் பூனை மேலேயே. ஒவ்வொரு கீச்சுக்கும் வால் ஒரு உதறு. குரலும் உதறலும் ஒரே சுவிட்சில் போட்டதுபோல் சேர்ந்தே வந்தன. செல்போனில் பதிவு செய்தேன்.

பூனை சுவரேறிப் போய்விட்டது. அணில் நிறுத்தவில்லை. கீச்சுக்கும் கீச்சுக்கும் இடைவெளி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போனது. நிறுத்திவிட்டது என்று நினைத்தபோது இரண்டு வீடு தள்ளி வேப்பமரத்திலிருந்து இன்னொரு அணில் கத்த, இது மறுபடி தொடங்கியது.

பதிவிலிருந்து கூவும் வீதத்தை எடுத்து மடக்கை அளவில் வரைந்தேன். முதல் பகுதி நல்ல நேர்கோடு. அதற்கப்புறம் சரிவு குறைந்து ஒரு நீண்ட வால். அந்த வால் தொடங்கும் இடமும் வேப்பமரத்து அணில் கத்தத் தொடங்கும் இடமும் ஒன்றுதான்.

ஜூன் 14

நேற்றைய அணில்களுக்குச் சமன்பாடு. கூவும் வீதங்கள் கு1, கு2. தானாகத் தணியும் கெழு த. மற்றதன் குரலைக் காதில் வாங்குவதற்கான கெழு கா.

கு1′ = −த·கு1 + கா·கு2
கு2′ = −த·கு2 + கா·கு1

இரண்டையும் கூட்டுங்கள்: கூட்டுத்தொகை (த − கா) வீதத்தில் தணிகிறது. கழியுங்கள்: வித்தியாசம் (த + கா) வீதத்தில் தணிகிறது. அதாவது முதலில் இரண்டு அணில்களும் வேகமாக ஒரே வீதத்துக்கு வந்துவிடும், பிறகு இரண்டும் சேர்ந்து மெதுவாக அடங்கும். கா, த-வில் பாதி என்றால் தனி அணிலைப் போல இரு மடங்கு நேரம் பிடிக்கும். பதிவில் இருந்த வேகச் சரிவும் நீண்ட வாலும் இந்த இரண்டு வீதங்களோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன.

இப்படிப்பட்ட வீதங்களைத் தருவது ஐகன் மதிப்பு. வகுப்பில் அதை அணிக்கோவை வைத்துத்தான் நடத்துகிறோம். எத்தனை மாணவர்களுக்கு அதை ஒரு மரத்தடியில் காதால் கேட்க முடியும் என்று தெரிந்திருக்கும்? அடுத்த பருவத்தில் இந்தப் பதிவோடுதான் அந்தப் பாடத்தைத் தொடங்கப் போகிறேன்.

ஜூன் 14, இரவு

"கா, த-வைத் தாண்டினால் இரண்டு அணிலும் காலம் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்குமா?"

அந்தச் சமன்பாட்டின்படி ஆம், வீதமும் எல்லையில்லாமல் ஏறும். வழக்கமாகச் செய்யும் திருத்தம் ஒரு உச்சவரம்பு போடுவது: கா·கு2(1 − கு1/உச்சம்). ஏறுவது நின்றுவிடும். ஆனால் கத்துவது நிற்காது! உச்சம் × (1 − த/கா) என்ற வீதத்தில் சமநிலை அடைந்து அங்கேயே நிற்கும். அடங்க வேண்டும் என்றால் மெதுவாக ஏறும் மூன்றாவது மாறி ஒன்று தேவை: கத்தக் கத்தச் சேரும் சலிப்பு, அது கா-வைக் குறைக்க வேண்டும். வரம்பு வேறு, சலிப்பு வேறு. முன்னது எவ்வளவு உரக்க என்பதைத் தீர்மானிக்கிறது, பின்னது எவ்வளவு நேரம் என்பதை.

ஜூன் 18

இரண்டு அணிலிலிருந்து ஒரு மான் கூட்டத்துக்கு. அமைதியாக மேய்பவை அ, கூவுபவை கூ, கூவி முடித்து விலகியவை ஒ. குரல் தொற்றும் கெழு தொ, ஓயும் கெழு த.

அ′ = −தொ·அ·கூ
கூ′ = தொ·அ·கூ − த·கூ
ஒ′ = த·கூ

கொரோனா காலத்தில் பத்திரிகையில் வந்த அதே அமைப்பு. 20 மான், தொ = 0.05, த = 0.5 (ஒவ்வொன்றும் சராசரி 2 நொடி கூவும்) என்றால் பெருகும் எண், அதாவது தொடக்கத்தில் ஒரு மானின் குரல் எத்தனை மான்களைக் கூவ வைக்கும் என்பது, 20 × 0.05 ÷ 0.5 = 2. எச்சரிக்கை கடைசியில் கூட்டத்தில் 80 சதவீதத்தை எட்டும். அதே எண் 1.2 ஆனால் 31 சதவீதம்தான். புல் உயரமாகிக் குரல் கொஞ்சம் மட்டுப்பட்டாலே நிலைமை தலைகீழாகிவிடும் என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

ஆனால் 20 மானுக்கு வகைக்கெழுச் சமன்பாடு எழுதும்போது "3.7 மான் கூவுகின்றன" என்ற விடை வரும். பெருகும் எண் 2 என்றால் எச்சரிக்கை கட்டாயம் பரவும் என்று சமன்பாடு சொல்லும். ஒவ்வொரு மானாக எண்ணும் நிகழ்தகவுக் கணக்கில், முதல் மானின் குரலை இன்னொன்று எடுத்துக்கொள்ளும் முன்பே அது ஓய்ந்துவிடும் வாய்ப்பும் சேர்ந்து, ஏறத்தாழ பாதித் தடவை எச்சரிக்கை ஆரம்பத்திலேயே செத்துவிடும். சிறிய கூட்டத்துக்கு, நிகழ்வுகளை ஒவ்வொன்றாகத் தற்செயலாக நடத்திப் பார்க்கும் கில்லெஸ்பி முறையில் ஓட்டிப் பாருங்கள், பைத்தானில் இருபது வரிக்குள் அடங்கும். சமன்பாட்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. எல்லை எங்கே என்று அதுதான் காட்டுகிறது.

ஜூன் 19

முதுமலையில் வேட்டைத் தடுப்புக் காவலர்களோடு நடந்திருக்கிறேன். புள்ளிமான் ஒருமுறை கத்தினால் அவர்கள் நடையைக்கூடக் குறைக்க மாட்டார்கள். பல பக்கத்திலிருந்தும் கத்தினால் நிற்பார்கள். கடமான் "டாங்க்" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தாலும் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்திவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் "கடமான் சும்மா கத்தாது சார்" என்பதே பதில்.

இதில் இரண்டு விதி ஒளிந்திருக்கிறது. ஒன்று எத்தனை பேர் கத்துகிறார்கள், மற்றொன்று யார் கத்துவது.

முதலாவதற்கு: பரவும் உறுப்பில் கூ-வுக்குப் பதில் கூ-வின் வர்க்கத்தைப் போடுங்கள். தொ·அ·கூ² − த·கூ. கூ சிறியதாக இருக்கும்போது வர்க்கம் அதைவிடச் சிறியது, தணிவு ஜெயிக்கும். தொ·அ = 0.3, த = 0.5 என்றால் வாசல், அதாவது பரவலும் தணிவும் சமமாகும் கூ, 1.67. ஒற்றைக் குரல் அடங்கிவிடும், இரண்டு குரல் பரவும். வெறும் சருகுச் சத்தத்துக்குக் கத்திய ஒரு மானுக்காகக் கூட்டம் முழுவதும் ஓட வேண்டியதில்லை. கனடாவின் ரிச்சர்ட்சன் தரை அணில்களில் ஸ்லோனும் ஹேரும் 2008-இல் காட்டியது இதைத்தான்: ஒன்றுக்கு மேற்பட்ட அணில்களிடமிருந்து குரல் வந்தால் கேட்பவற்றின் உஷார் கூடுகிறது.

ஜூன் 20

இரண்டாவது விதி, நம்பிக்கை. அதே ரிச்சர்ட்சன் அணில்களில் 2001-இல் ஹேரும் அட்கின்ஸும், எதிரி இல்லாமலே கத்தும் அணிலின் குரலைக் குட்டிகள் நாளடைவில் சட்டை செய்வதில்லை என்று காட்டினார்கள். குரலை மட்டுமல்ல, குரலுக்கு உரியவரையும் அடையாளம் வைத்திருக்கின்றன. ஒரு ஆள் மேல் உள்ள நம்பிக்கை நம், அந்த ஆளின் குரலில் மெய்யானவற்றின் பங்கு மெ என்றால்:

நம்′ = ஏ·மெ(1−நம்) − இ·(1−மெ)·நம்

ஏ ஏறும் கெழு, இ இறங்கும் கெழு. இரண்டும் சமமானால் நம் கடைசியில் மெ-யிலேயே போய் நிற்கும், அதாவது கேட்பவர் உண்மையின் அளவைச் சரியாகக் கற்றுக்கொள்கிறார். ஆனால் சமமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஓடி ஒளிவதால் ஒரு வாய் புல் நஷ்டம். ஓடாமல் நின்று எதிரி வந்துவிட்டால் உயிர் நஷ்டம். பின்னது முன்னதைப்போல 100 மடங்கு என்றால், நூற்றில் ஒரு குரல் மெய்யாக இருந்தாலே ஓடுவது கட்டுப்படியாகும். 99 தடவை வீணாக ஓடும் மானை முட்டாள் என்று சொல்வதற்கில்லை. செலவு இங்கே கேட்பவர் பக்கம் வந்துவிட்டது, ஆனால் ஜூன் 5-இல் சொன்ன அதே விஷயம்: எந்த எதிரிக்கு என்று கேட்காமல் எண் போட முடியாது.

ஜூன் 21

இந்தச் சமனின்மையில்தான் கரிச்சான் புகுந்துகொள்கிறது.

ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் டாம் ஃபிளவர் ஆராய்ந்த கரிச்சான்கள், கீரி இனத்து மீர்கேட்டும் தவிட்டுக்குருவி இனத்துப் பறவையும் இரையைப் பிடித்தவுடன் பொய்யாக எச்சரிக்கைக் குரல் எழுப்பும். அவை இரையைப் போட்டுவிட்டு ஓட, கரிச்சான் இறங்கி எடுத்துக்கொள்ளும். தன் உணவில் ஏறக்குறைய 23 சதவீதத்தை இப்படிச் சம்பாதிக்கிறது. ஒரு குரல் எடுபடாவிட்டால் அடுத்த முறை வேறொரு இனத்தின் குரலுக்கு மாறிக்கொள்கிறது என்று 2014-இல் வந்த ஆய்வு சொல்கிறது.

ஒரே குரலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு பொ தடவை ஏமாற்றினால்: நம்′ = மீ(1−நம்) − இ·பொ·நம். மீ என்பது மறந்து மீண்டும் நம்பும் வீதம். சமநிலையில் நம் = மீ/(மீ + இ·பொ). கொள்ளை = பொ·நம். பொ-வை எவ்வளவு கூட்டினாலும் கொள்ளை மீ/இ என்ற கூரையை முட்டி நின்றுவிடும். இப்போது வ வகைக் குரல்களை மாற்றி மாற்றிப் போட்டால், ஒவ்வொன்றின் மேலும் தனித்தனி நம்பிக்கை, ஒவ்வொன்றுக்கும் பொ/வ தடவைதான் உபயோகம். கூரை வ·மீ/இ ஆகிவிடும். குரல் வகை இரட்டித்தால் கூரையும் இரட்டிக்கும். அதிகம் ஏமாற்றுவதால் லாபமில்லை, அதிக விதமாக ஏமாற்றுவதில்தான் லாபம். தாளில் இந்த முடிவு வந்தபோது எழுந்து நடக்க வேண்டியிருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் 22

இலங்கையிலிருந்து எழுதிய வாசகருக்கு: ஆமாம், சிங்கராஜ வனத்தின் துடுப்புவால் கரிச்சானும் மற்றப் பறவைகளின் எச்சரிக்கைக் குரலைப் பாடும். குட்டேலும் கொட்டகமவும் 2006-இல் எழுதியது, அது ஆபத்து நேரத்தில் எச்சரிக்கை வகைக் குரல்களையும் மற்ற நேரத்தில் மற்றக் குரல்களையும் எடுக்கிறது என்பது. சூழலோடு பொருந்துகிறது. ஆகவே அங்கே மெ கணிசம் என்றுதான் எடுக்க வேண்டும். கலஹாரிச் சமன்பாட்டை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் சிங்கராஜவில் வைக்காதீர்கள்.

ஜூன் 26

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "இத்தனையில் எது சரியான சமன்பாடு?" என்கிறார்.

மூன்று கடிகாரம் ஓடுகிறது. கு, கூ எல்லாம் நொடிக் கணக்கு. நம் நாள்கணக்கு. ப தலைமுறைக் கணக்கு. மூன்றையும் ஒரே அமைப்பாகப் போட்டுக் கணினியில் தீர்க்க முயன்றால் நொடிக்கான சிறு படியோடு 920 தலைமுறை போக வேண்டும், முடிகிற காரியமில்லை. வேகமானதை முதலில் தீர்த்து, அதன் விடையை மெதுவானதற்குள் கெழுவாகப் போடுவதுதான் வழி. கூ-வைத் தீர்த்தால் குரல் எத்தனை பேரை எட்டும் என்று கிடைக்கும், அதுவும் நம்-மும் சேர்ந்து ந-வைத் தரும். எதிரி எது, குரல் எவ்வளவு தூரத்திலிருந்து காட்டிக்கொடுக்கும் என்பது செ-வைத் தரும். பருந்தைக் கண்ட சிறு பறவைகளின் மெல்லிய உயர்சுரக் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கக் கடினமானது என்று பீட்டர் மார்லர் 1955-லேயே சுட்டிக்காட்டியிருக்கிறார். செ-வைக் குறைக்கும் வடிவம் ஒலியிலேயே இருக்கிறது.

உங்கள் ப′ = −செ·ப(1−ப) இப்போதும் அந்த அமைப்புக்குள் இருக்கிறது. உ பூச்சியம், எதிரி தரையில், கேட்பவர் யாருமில்லை என்றால் எல்லாம் சுருங்கி அதுவாகிவிடும். அந்நிய ஊருக்குக் குடிபோன ஆண் அணிலின் நிலைமைக்கு அது ஏறக்குறையச் சரியான சமன்பாடுதான்.

ஜூன் 27

பைத்தான் நிரல் கேட்டவர்களுக்கு: ஆய்லர் முறையில் (படிப்படியாகக் கணக்கிடும் எளிய வழி) ப-வை ஓட்டுகிறீர்கள் என்றால் படியின் அளவைச் சின்னதாக வையுங்கள், இல்லாவிட்டால் ப ஒன்றைத் தாண்டிக் குதித்து, (1−ப) எதிர்மறையாகி, வரைபடம் பல்லிளிக்கும். அதைவிடத் துல்லியமான நான்காம் வரிசை ரூங்கே-குட்டா முறை போதும். முருங்கை மரத்து ஒலிப்பதிவையும் அதிலிருந்து எடுத்த இடைவெளி அட்டவணையையும் வேண்டுபவர்களுக்குத் தருகிறேன். உங்கள் வீட்டு அணிலைப் பதிவு செய்தால் பூனை போன நேரத்தையும், பக்கத்து மரத்தில் இன்னொரு அணில் குரல் கொடுத்ததா என்பதையும் மறக்காமல் குறித்து அனுப்புங்கள். அது இல்லாமல் த-வையும் கா-வையும் பிரிக்க முடியாது.